தம்பி வண்டியின் சைலன்சர்

காட்டுப்பாக்கத்திலிருந்து உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்.

போன வாரம் நான் போட்ட புல்லட் சைலன்சர் படத்துக்கு இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பேரன் பேத்தி படத்துக்குக்கூட இவ்வளவு லைக் வந்ததில்லை! "டீச்சர், பழைய பெயிண்டை எப்படி எடுத்தீங்க?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். "பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்தினா ரெண்டு நிமிஷத்துல கழண்டுடும்" என்று ஒரு பழைய மாணவர் யோசனையும் சொல்லியிருக்கிறார். அதற்கு நான்கு பேர் கட்டைவிரல் வேறு உயர்த்தியிருக்கிறீர்கள். அந்த நான்கு பேரும் பிளஸ் டூவில் என்னிடம் படித்தவர்கள். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி என் தம்பியுடையது. 1986-ல் வாங்கிய புல்லட் 350. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவை ஆரம்பித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள் அல்லவா? அங்கே பிறந்த வண்டிதான் இதுவும். தம்பி ஆவடி டாங்கி பேக்டரியில் பிட்டர். அந்தக் காலத்தில் பூந்தமல்லி வழியாக ஆவடி போகிற சாலையில் இந்த வண்டிச் சத்தம் கேட்டால் தெருவில் மணி பார்க்க வேண்டியதில்லை. அவன் போய் ஐந்து வருடம் ஆகப் போகிறது. வண்டி இப்போது அவன் மகனிடம் இருக்கிறது.

வாங்கியபோது சைலன்சர் குரோமியம் பூசிப் பளபளவென்று இருந்தது. நம் ஊர் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் அது எத்தனை நாள் தாங்கும்? அங்கங்கே துருப்புள்ளி விழுந்ததும் தம்பி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் வண்டியைக் கழுவி, துரு இருக்கிற இடத்தை எமரி போட்டுத் தேய்த்து, ஒரு சின்ன டப்பா சில்வர் பெயிண்ட் வாங்கி அடித்துவிடுவான். மறுநாள் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி முகலிவாக்கத்தில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகு சில்வர் போய் கறுப்பு ஹீட் புரூப் பெயிண்ட் வந்தது. இப்படியே முப்பது வருடப் பெயிண்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சைலன்சர் வால் பக்கம் பலாப்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

தம்பி மகனுக்கு அதைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் அவன் வீட்டுக்குப் போனபோது சைலன்சர் கழற்றி பாத்ரூமில் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு டப்பா பெயிண்ட் ரிமூவர். இரண்டு வயதுக் குழந்தைக்கு வாடை ஆகாது என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வேலை செய்யப் போகிறானாம். எக்ஸாஸ்ட் பேன்கூட இல்லாத நாலுக்கு ஆறு பாத்ரூம்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்து, கண்ணாடியைக் கழற்றி மூக்கருகே வைத்துத்தான் படிக்க முடிந்தது. மெத்திலீன் குளோரைடு.

"அத்தை, எல்லா வீடியோலயும் இதைத்தான் யூஸ் பண்றாங்க. தடவினா அப்படியே உரிஞ்சு வந்துடும்" என்றான்.

உரிந்து வரும், அதில் சந்தேகமே இல்லை. அந்தத் திரவத்தின் கொதிநிலை கிட்டத்தட்ட 40 டிகிரி. நம் ஊர் மே மாத வெயிலே அதைக் கொதிக்க வைத்துவிடும். ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், ஆகவே தரையை ஒட்டித் தேங்கும். பாத்ரூமில் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவன் மூக்கும் தரையை ஒட்டித்தான் இருக்கும். முதலில் தலைசுற்றல், பிறகு மயக்கம். அத்தோடு விடாது. மூச்சில் போனதை உடம்பு கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்களைக் கொல்லும் அதே வாயு, இங்கே உடம்புக்குள்ளேயே உண்டாகிறது. அமெரிக்காவில் குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை எடுக்கிற தொழிலாளிகள் 13 பேர் 2000-லிருந்து 2011-க்குள் இதே திரவத்தால் இறந்திருக்கிறார்கள். எல்லாம் பாத்ரூம் வேலை. 2019-ல் அந்த நாட்டில் வீட்டு உபயோகத்துக்கு இந்த பெயிண்ட் ரிமூவரை விற்கக் கூடாது என்று தடையே போட்டார்கள். நம் வீடுகளில் கொரோனா காலத்திலிருந்து மிச்சமிருக்கும் என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. மெல்லிய நீல நிறக் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. மூடி திறக்காத டப்பா என்பதால் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

சரி, ஆசிட்டுக்கு வருவோம். கட்டைவிரல் உயர்த்திய நால்வரும் கவனியுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பெயிண்டைக் கரைக்காது. பெயிண்டில் இருக்கும் விரிசல் வழியாக உள்ளே புகுந்து, கீழே இருக்கும் உலோகத்தைத் தின்னும். பிடிமானம் போனதால் பெயிண்ட் கழன்று விழும். பெயிண்டோடு போனது என்ன தெரியுமா? குரோமியம். அந்தப் பளபளப்புப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். அமிலம் அதை முதலில் கரைத்துவிட்டு, இரும்பில் கை வைக்கும். கிளம்புகிற புகை பக்கத்தில் இருக்கிற ஸ்பானர், கேட், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு நிமிஷத்தில் கழன்றது உண்மைதான். சைலன்சரும் சேர்ந்து கழன்றது!

நாங்கள் பயன்படுத்தியது காஸ்டிக் சோடா. இதுவும் சாது கிடையாது. ஆனால் ஆவியாகிப் பறக்காது, நாம் வைத்த இடத்தில் இருக்கும். அதுதான் பெரிய வித்தியாசம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த பாடமே. சாதாரண எனாமல் பெயிண்டில் இருப்பது தாவர எண்ணெயிலிருந்து செய்த ஒரு எஸ்டர். எஸ்டரும் காரமும் சேர்ந்தால்? சோப்பு! தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்த அதே வினைதான். சைலன்சர் மேல் இருக்கும் பெயிண்டைச் சோப்பாக மாற்றித் தண்ணீரில் கழுவிவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் முதலில் உலோகம் என்ன என்று பார்க்க வேண்டும். பூஜை அறைக் காலண்டர் மாட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தோம். சைலன்சர், பெண்ட் பைப், கிளாம்ப் மூன்றிலும் ஒட்டியது. இரும்பு. காஸ்டிக் இரும்பை ஒன்றும் செய்யாது, குரோமியத்தையும் நிக்கலையும் அறை வெப்பநிலையில் தொந்தரவு செய்யாது. காந்தம் ஒட்டாத பாகம் அலுமினியமாக இருந்தால் காஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் கிளம்பும். இப்போது வரும் வண்டிகள் சிலவற்றில் சைலன்சர் மேல்மூடியே அலுமினியம்தான். இன்னொன்று, பழைய வண்டிகளில் பைப்பைச் சுற்றி வெள்ளைக் கயிறோ துணிப்பட்டையோ இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைக் காயவைத்துச் சுரண்டக் கூடாது. எங்கள் வண்டியில் இல்லை.

மொட்டை மாடியில், காலை ஆறரை மணிக்கு ஆரம்பித்தோம். குழந்தைக்கும் அதன் அம்மாவுக்கும் அன்று மாடிக்கு அனுமதி இல்லை. தடிமனான ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, ஷூ, கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி. குழாயில் ஓஸ் மாட்டித் தண்ணீர் தயார். கண்ணில் அமிலம் பட்டால் எரியும். காரம் பட்டால் எரிவதோடு நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேரே ஆஸ்பத்திரி. எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று யாராவது கை வைத்தியம் சொன்னால் கேட்காதீர்கள்.

பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீர், அதில் 100 கிராம் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மரக்குச்சியால் கலக்க வேண்டும். தண்ணீரில் காஸ்டிக், காஸ்டிக்கில் தண்ணீர் அல்ல. முப்பது வருடம் கத்தியாயிற்று, இன்னொரு தடவையும் கத்திவிடுகிறேன். வாளி சுடும். ஆறட்டும்.

சைலன்சர் நீளமாக இருப்பதால் வாளியில் முங்காது. உள்ளே காரம் போனால் தடுப்புத் தகடுகளுக்கு நடுவே தங்கிவிடும். அதனால் இரண்டு முனையையும் துணி அடைத்து, பாலிதீன் சுற்றி, பழைய சைக்கிள் டியூபால் இறுகக் கட்டினோம். பிறகு இரண்டு கைப்பிடி மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஆறிய காஸ்டிக் கரைசலை ஊற்றினேன். அடுப்பே இல்லாமல் அது கண்ணெதிரே போஸ்டர் ஒட்டும் பசையாக இறுகியது. மாவுச்சத்தைக் காரம் பச்சையிலேயே வேகவைத்துவிடும். தம்பி மகன் எம்பிஏ படித்தவன். "அத்தை, இது மேஜிக்" என்றான். இதற்குத்தான் எல்லோரும் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்பது.

பசையைக் கனமாகப் பூசி, காயாமல் இருக்க மேலே பாலிதீன் ஷீட் போர்த்தி, இரண்டு மணி நேரம் விட்டோம். மேல் கறுப்பு அசையவே இல்லை. ஹீட் புரூப் பெயிண்ட் சிலிக்கோன் வகை, எண்ணெய் எஸ்டர் கிடையாது, காரத்துக்குச் சீக்கிரம் மசியாது. அதைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பர் போட்டுத்தான் தேய்க்க வேண்டியிருந்தது. கை வலிக்கிற வேலை, முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போய்விட்டது.

இரண்டாவது ஞாயிறு பசை போட்டதும் கீழே இருந்த சில்வர் அடுக்குகளில் சின்னச் சின்னக் குமிழி எழுந்தது. சில்வர் பெயிண்ட் என்பது வெள்ளி அல்ல, அலுமினியத் தூள். தூள் கரைந்து ஹைட்ரஜன் வருகிறது. திறந்த மாடி என்பதால் கவலையில்லை. ஆனால் இந்தக் கழிவை மூடி இறுக்கிய டப்பாவில் வைக்கக் கூடாது, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. ஒரு மணி நேரத்தில் சில்வர் எல்லாம் சாம்பல் நிறக் கூழாகி மரக்கரண்டியிலேயே வழித்துக்கொண்டு வந்தது. இரும்புப் பட்டி பிளேடு வேண்டாம், மிச்சமிருக்கிற குரோமியத்தைக் கீறிவிடும்.

சில்வருக்குக் கீழே வால் பக்கத்தில் பச்சை வந்தது.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் அப்பா வீட்டு கேட்டின் பச்சை! தொண்ணூறுகளில் ஒரு தீபாவளிக்கு கேட்டுக்கு அடித்த பெயிண்டில் கால் டப்பா மிச்சம். அதை வீணாக்காமல் சைலன்சர் வாலுக்கு அடித்துவிட்டு, மறுநாளே வெட்கப்பட்டு மேலே சில்வர் அடித்திருக்கிறான். "அப்பா இவ்ளோ கஞ்சமா?" என்று மகன் கேட்டான். கஞ்சம் இல்லை, அந்தக் காலம் அப்படி. ஒரு சம்பளத்தில் ஆறு பேர்.

சிரித்து முடிப்பதற்குள் பசை பட்ட இடத்தில் பச்சை மாறத் தொடங்கியது. ஓரமெல்லாம் ஆரஞ்சு கலந்த பழுப்பு. எனக்குச் சிரிப்பு நின்றது. பழைய எனாமல்களில் பச்சை நிறத்தை ஒரு மஞ்சளும் ஒரு நீலமும் சேர்த்துச் செய்வார்கள். மஞ்சள் லெட் குரோமேட், நீலம் பிரஷ்யன் நீலம். இரண்டுக்கும் காரம் ஆகாது. நீலம் பழுப்பாகும், மஞ்சள் ஆரஞ்சாகிக் கரையும். என் வீட்டு மாடியில் சோதனைக்கூடம் இல்லை, ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஈயமும் ஆறு இணைதிறக் குரோமியமும் அதில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அதன்பின் வேலை செய்தேன். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கேட், கிரில், ஊஞ்சல், தொட்டில் எதிலும் என்ன இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்து நிம்மதியடைய முடியாது.

நினைத்துப் பாருங்கள். இதை கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டிக் காய்ந்தபடியே உரசியிருந்தால்? பச்சைத் தூசி மாடி முழுக்கப் பறந்து, துணிக்கொடியில் காயும் குழந்தைச் சட்டையில் உட்கார்ந்திருக்கும். குழந்தை கையை வாயில் வைக்கிற வயது. ஈயம் குழந்தை மூளையைத்தான் முதலில் பிடிக்கும். பட்டறைகளில் தினமும் மாஸ்க் இல்லாமல் இதைச் செய்கிற பையன்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. உங்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றித் தேய்க்கச் சொல்லுங்கள், சாப்பிடப் போகுமுன் கை கழுவச் சொல்லுங்கள், வேலைச் சட்டையோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பச்சை முழுவதையும் ஈரமாகவே வழித்தோம். அந்தக் கூழைச் சாக்கடையில் ஊற்றவில்லை. எங்கள் தெருவில் இன்னும் போர்வெல் தண்ணீர்தான். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு நிலத்தடி நீரை எப்படி மஞ்சளாக்கியது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு சைலன்சருக்கு அவ்வளவு வராது, சரி. ஆனாலும் வாளியில் மூடாமல் மாடி மூலையில் வெயிலில் வற்றவிட்டு, காய்ந்து தூளாகுமுன் இரட்டைப் பையில் கட்டி, மேலே எழுதி ஒட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகக் கொடுத்தேன். 2016 திடக்கழிவு விதிகளில் பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பாவுக்கெல்லாம் அப்படித் தனிப் பிரிவு இருந்தது. வண்டிக்காரப் பெண்மணி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

கழுவி முடித்ததும் காரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் புதுப் பெயிண்ட் நிற்காது. லிட்மஸ் காகிதம் எதற்கு? மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் துணி போதும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஏன் சிவக்கிறது? அதே கதைதான். முதல் தடவை துணி குங்குமமாகச் சிவந்தது. நீர்த்த புளித் தண்ணீரால் துடைத்து மறுபடி அலசினோம். மூன்றாவது தடவை துணி மஞ்சளாகவே இருந்தது.

குரோமியம் பாதி போயிருந்தது. போன இடத்தில் நிக்கலின் லேசான மஞ்சள், அதற்கும் கீழே துருக்குழி. மறுபடி குரோமியம் பூச வேண்டுமென்றால் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பிளேட்டிங் பட்டறைகள் இருக்கின்றன. பழைய தகடு மெலிந்திருப்பதால் பாலிஷ் போடும்போதே ஓட்டை விழலாம் என்று அங்கே சொன்னார்கள், நேர்மையாகவே சொன்னார்கள். ஹீட் புரூப் சில்வரே அடிப்பது என்று முடிவு செய்தோம். ஈர இரும்பு நம் ஊர்க் காற்றில் அரை மணி நேரத்தில் பழுப்பேறும், அதனால் வெயிலில் சுடச்சுடக் காயவைத்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும். கீழே ரெட் ஆக்சைடு பிரைமர் வேண்டாம், பட்டி வேண்டாம், இரண்டும் கருகும். மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று. பிறகு வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டு, சூட்டிலேயே பெயிண்ட் இறுக வேண்டும். அப்போது கொஞ்சம் புகையும், பயப்படாதீர்கள்.

பெண்ட் பைப்புக்குப் பெயிண்டே அடிக்கவில்லை. இன்ஜினை ஒட்டிய இடத்தில் சூடு 300 டிகிரியைத் தாண்டும், பெயிண்ட் நிற்பது கஷ்டம். வெறும் இரும்பாக விட்டு எண்ணெய்த் துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் ஓட்டியதும் அதில் வைக்கோல் மஞ்சளும் அதையடுத்து நீலமும் வரிவரியாகப் படிந்திருக்கிறது. 220 டிகிரியில் மஞ்சள், 300-ஐ நெருங்கும்போது நீலம். பத்தாயிரம் ரூபாய்க்கு தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம், பைப்பே சொல்கிறது. நீங்கள் படத்தில் பார்த்து "என்ன கலர் டீச்சர் இது" என்று கேட்டது அதுதான்.

பெயிண்ட் அடிக்குமுன் தம்பி மகன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "அத்தை, கொஞ்சம் பச்சையை விட்டுடலாமா?" வால் கிளாம்ப் உட்காரும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, நான் வேண்டுமென்றேதான் பசை பூசாமல் விட்டிருந்தேன். அவன் கவனிக்கவில்லை. கிளாம்ப்பை மாட்டிவிட்டால் வெளியே தெரியாது, உரசாது, தூசியாகாது. காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, கிளாம்ப்பை மாட்டி நட்டை இறுக்கினான்.

மீதிக் காஸ்டிக் அரை கிலோ இருக்கிறது. டப்பாவில் பெரிதாகப் பெயர் எழுதி, குழந்தைக்கு எட்டாத லாப்ட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் காட்டுப்பாக்கம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், காபியும் உண்டு. வரும்போது கையுறையும் கண்ணை மூடும் கண்ணாடியும் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லாதவர்களுக்குக் காபி மட்டும்தான்.